சிறு தொழில், பசுமை வேலை, புயல் தயார்நிலை: மூன்றையும் ஒரே அமைப்பு எடுத்துச் செய்ய முடியுமா?

கடலூர் மாவட்டத்தின் பரங்கிப்பேட்டை, கிள்ளை வட்டாரத்தில் சிறிய அறக்கட்டளை ஒன்றை நடத்தும் நண்பர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. அவர்கள் பகுதியில் இஸ்லாமியச் சிறு வணிகர்கள், பட்டியலினக் குடும்பங்கள், பழங்குடியினரான இருளர்கள், மீனவர்கள் எனப் பலரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்கிறார்கள். சிறுபான்மையினரும் விளிம்பில் இருப்பவர்களும் தொழில் தொடங்க உதவுவது, சூரிய மின்சாரம், காடு வளர்ப்பு போன்ற பசுமை வேலைகளில் இளைஞர்களுக்குப் பயிற்சி தருவது, பேரிடருக்கு ஊரைத் தயார்செய்வது என மூன்று வேலைகளுக்கும் தனித்தனியே நிதி கிடைக்கும் வாய்ப்பு இருக்கிறது. நான்கைந்து பேர் மட்டுமே உள்ள ஓர் அமைப்பு மூன்றையும் எடுத்துக்கொள்ளலாமா, எடுத்துக்கொண்டால் எதில் தொடங்குவது, பக்கத்திலுள்ள பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் என்ன செய்யலாம் என்று கேட்கிறார். அவருக்கான பதில் இது.

எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பெரும்பாலான அமைப்புகள் செய்யும் வரிசையில் செய்யக் கூடாது என்பது என் கருத்து. வழக்கமாக முதலில் பயிற்சி வகுப்பு நடக்கும், பிறகு சான்றிதழ் பெற்றவர்களுக்குக் கடன் வாங்கித் தர முயற்சி நடக்கும், கடைசியாக ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் ஒத்திகையும் துண்டறிக்கையுமாகப் பேரிடர்த் தயார்நிலை முடிந்துவிடும். உங்கள் கரையோரத்தில் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். புயலும் வெள்ளமும் எந்தத் தொழிலை எப்படி நிறுத்துகின்றன என்பதை முதலில் எழுதிக்கொண்டால், யாருக்கு என்ன கடன் வேண்டும், எந்த வேலைக்குப் பயிற்சி கொடுத்தால் ஊரிலேயே வருமானம் கிடைக்கும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் அந்தக் கணக்கே விடை சொல்லும்.

கடலூர் மாவட்டக் கரையை 2004 முதல் தாக்கியவற்றை வரிசைப்படுத்திப் பாருங்கள். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை. 2011 டிசம்பர் 30 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்த தானே புயல். 2015 நவம்பர், டிசம்பர் மாதங்களின் வெள்ளம். 2020இல் நிவர் புயலும் அதன் பின்னாலேயே சிதம்பரம் வட்டாரத்தை மூழ்கடித்த புரெவி மழையும். 2024இல் ஃபெஞ்சல் புயலும், அப்போது சாத்தனூர் அணை திறக்கப்பட்டுத் தென்பெண்ணையில் வந்த பெருவெள்ளமும். 2011க்குப் பிறகான இடைவெளிகள் நான்கு, ஐந்து ஆண்டுகளுக்கு மேல் போகவில்லை. ஒரு சிறு தொழிலுக்கு வங்கி கொடுக்கும் தவணைக் கடனின் காலம் ஐந்து முதல் ஏழு ஆண்டுகள். அப்படியென்றால் இன்று நீங்கள் வாங்கித் தரும் எந்தக் கடனும், கடைசித் தவணை கட்டி முடிப்பதற்குள் ஒரு பெரிய புயலையோ வெள்ளத்தையோ அநேகமாகச் சந்தித்தே தீரும். கடன் திட்டத்தில் வாடிக்கையாளர், போட்டி, லாபம் எல்லாம் எழுதும் நாம், இந்த ஒன்றை மட்டும் விதியின் கணக்கில் விட்டுவிடுகிறோம்.

உயிரைக் காப்பதில் அரசு நிர்வாகம் 2004க்குப் பிறகு நிறையக் கற்றுக்கொண்டிருக்கிறது. முன்னெச்சரிக்கை நேரத்தோடு வருகிறது, பல்நோக்குப் பாதுகாப்பு மையங்கள் இருக்கின்றன, 1077 என்ற மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண்ணும் 1070 என்ற மாநில எண்ணும் இயங்குகின்றன, டிஎன்-அலர்ட் என்ற எச்சரிக்கைச் செயலி இருக்கிறது. பிழைப்பைக் காப்பது யாருடைய பொறுப்பு என்பதுதான் தெளிவாக இல்லை. ஃபெஞ்சலுக்குப் பிறகு விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்ப அட்டைதாரர்களுக்கு அறிவிக்கப்பட்ட தொகை 2,000 ரூபாய். அது அரிசி பருப்புக்கான உதவி. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் விதிகளில் கைவினைஞரின் கருவி சேதத்துக்கு 5,000 ரூபாய், மூலப்பொருள் அல்லது செய்த சரக்கு சேதத்துக்கு 5,000 ரூபாய் என்ற அளவுக்குத்தான் இடமிருக்கிறது. தையல் கடையில் வாடிக்கையாளர் கொடுத்துவைத்த துணி நனைந்து போனதற்கும், மளிகைக் கடையில் மூட்டைகள் ஊறிப் போனதற்கும், கருவாடு காயவைத்த பெண்ணின் முழுச் சரக்கும் அழுகிப் போனதற்கும் விதிப் புத்தகத்தில் சரியான கட்டம் கிடையாது. அவர்கள் அடுத்த வாரமே தினவட்டிக்கு வாங்கித்தான் மறுபடி கடையைத் திறக்கிறார்கள். மூன்று ஆண்டு உழைத்து வெளியே வந்த கடன் சுழலுக்குள் ஒரே மழையில் திரும்பிப் போகிறார்கள் என்பதுதான் நடைமுறை.

எனவே உங்கள் முதல் வேலை ஓர் இழப்புப் பதிவேடு. தெருத் தெருவாகப் போய், ஒவ்வொரு சிறு தொழில் செய்பவரிடமும் கடைசியாக வந்த வெள்ளத்தைப் பற்றி மட்டும் கேளுங்கள். எது நனைந்தது, எது நின்றது, எத்தனை நாள் தொழில் நடக்கவில்லை, மீண்டும் தொடங்க எவ்வளவு பணம் தேவைப்பட்டது, அதை யாரிடம் என்ன வட்டிக்கு வாங்கினார்கள், இன்னும் எவ்வளவு பாக்கி. "உங்கள் ஆண்டு வருமானம் என்ன" என்று கேட்டால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். போன புயலில் என்ன போயிற்று என்று கேட்டால் திண்ணையில் உட்காரவைத்து மணிக்கணக்கில் சொல்வார்கள். பதிவு செய்யாத தொழில்கள், வீட்டுக்குள்ளேயே நடக்கும் பெண்களின் தொழில்கள், கணவர் வெளிநாட்டில் இருக்க மனைவி நடத்தும் சிறு வியாபாரங்கள் எல்லாம் இந்தக் கேள்வியில்தான் வெளியே வரும். எந்த அரசுப் பட்டியலிலும் கிடைக்காத விவரம் இது. அதோடு, கொடுக்க எதுவும் இல்லாத நிலையில் கேட்கப் போவதால், பயனாளிப் பட்டியலில் பெயர் சேர்க்கும் போட்டியும் அப்போது எழாது.

பதிவேடு கையில் வந்த பிறகு கடன் பக்கம் திரும்புங்கள். உங்கள் பகுதியின் சிக்கல், பக்கத்துப் பக்கத்துக் கடைக்காரர்கள் வெவ்வேறு துறைகளின் கதவைத் தட்ட வேண்டியிருப்பது. மத்திய அரசின் கணக்கில் சிறுபான்மையினர் என்றால் முஸ்லிம், கிறிஸ்தவர், சீக்கியர், பௌத்தர், பார்சி, சமணர் ஆகிய ஆறு மதத்தினர். அவர்களுக்கு டாம்கோ எனப்படும் தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகம் இருக்கிறது. 1999இல் தொடங்கிய அது, சிறுபான்மையினருக்கான தேசிய நிதிக் கழகத்தின் பணத்தைப் பெற்றுத் தனிநபர் கடன், சுயஉதவிக் குழுக்களுக்கான சிறு கடன், கைவினைஞர் கடன் என்று பெரும்பாலும் கூட்டுறவு வங்கிகள் வழியாகக் கொடுக்கிறது. வட்டி வெளிச்சந்தையைவிட மிகக் குறைவு. பட்டியலினத்தவருக்கு 1974 முதல் தாட்கோ எனப்படும் தமிழ்நாடு ஆதிதிராவிடர் வீட்டுவசதி மற்றும் மேம்பாட்டுக் கழகம். அதைத் தவிர, பட்டியலினத்தவரும் பழங்குடியினரும் பெறக்கூடிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 2023இல் வந்தது, அதில் முதலீட்டில் 35 சதவீத மானியமும் 6 சதவீத வட்டி மானியமும் உண்டு. விண்ணப்பம் மாவட்டத் தொழில் மையத்தில்.

எல்லோருக்கும் பொதுவான வாசல் ஒன்று வேண்டுமென்றால் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தைச் சொல்வேன். உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் ரூபாய் வரை திட்ட மதிப்பு ஏற்கப்படுகிறது. பட்டியலினம், பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், பெண்கள் ஆகிய எல்லோரும் அதில் சிறப்புப் பிரிவு. சொந்தப் பங்கு 5 சதவீதம் போதும், மானியம் ஊரகத்தில் 35 சதவீதம், நகர்ப்புறத்தில் 25 சதவீதம். ஆகவே உங்கள் பகுதியில் உள்ள மீனவப் பெண்ணும் இஸ்லாமிய வணிகரும் இருளர் இளைஞரும் ஒரே விகிதத்தில்தான் பெறுகிறார்கள். ஆனால் பலர் கவனிக்காத ஒரு நுணுக்கம் இருக்கிறது. அந்த மானியம் கைக்கு வருவதில்லை. கடன் வாங்கியவர் பெயரில் வங்கியிலேயே மூன்று ஆண்டுகள் வைப்பாகக் கிடந்து, தொழில் நடந்துகொண்டிருந்தால் அதன் பிறகே கடனில் கழிக்கப்படும். இரண்டாம் ஆண்டு கார்த்திகையில் இயந்திரம் தண்ணீரில் மூழ்கி, தவணை நின்று போனால், அது தன் கட்டுப்பாட்டுக்கு மீறிய காரணத்தால் நேர்ந்தது என்று காட்ட வேண்டிய சுமை கடனாளியின் தலையில்தான் விழும். காட்டுவதற்குப் புகைப்படமோ, சரக்குக் கணக்கோ, கிராம நிர்வாக அலுவலரின் சான்றோ இருக்காது. தயார்நிலை என்றவுடன் கயிறும் மிதவையும் நினைவுக்கு வருவது இயல்பு. ஒரு சிறு தொழில்முனைவோருக்கு அதைவிட முக்கியம், புரட்டாசி முடிவதற்குள் கடையையும் சரக்கையும் இயந்திர எண்களையும் கைப்பேசியில் படமெடுத்து, கடன் ஆவணங்களோடு வேறோர் ஊரில் இருக்கும் உறவினருக்கு அனுப்பி வைப்பது.

காப்பீடு பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சமூக அமைப்புகள் அநேகமாக இதைத் தொடுவதே இல்லை. பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற பெயரில் 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே வாசகத்தில் விற்றாக வேண்டிய ஒரு பாலிசி இருக்கிறது. ஓரிடத்தில் உள்ள கட்டடம், இயந்திரம், சரக்கு ஆகியவற்றின் மொத்த மதிப்பு 5 கோடி ரூபாய்க்குள் இருக்கும் தொழில்களுக்கானது. தீ விபத்தோடு புயல், வெள்ளம், நிலநடுக்கம் ஆகியவையும் அதில் அடங்கும். மதிப்பைச் சற்றுக் குறைத்து எழுதியிருந்தாலும் 15 சதவீதம் வரையிலான குறைவைக் காரணம் காட்டி இழப்பீட்டை வெட்ட மாட்டார்கள். தவணைக் கடன் வாங்கிய பலருக்கு வங்கியே ஒரு காப்பீட்டை எடுத்துக் கணக்கில் பிடித்துக்கொண்டிருக்கும். ஆனால் அந்தப் பாலிசித் தாளை அவர்கள் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு புயலுக்குப் பிறகு, தன் கணக்கிலிருந்து ஆண்டுதோறும் பிரீமியம் போய்க்கொண்டிருந்ததையே அறியாமல், இழப்பீடு கேட்கும் கெடுவைத் தவறவிட்ட மாவு அரவை ஆலைக்காரர் ஒருவரை எனக்குத் தெரியும். பாலிசி அவர் பெயரில்தான் இருந்தது, தாள் மட்டும் வங்கிக் கிளையின் கோப்பில் உறங்கியது. உங்கள் அமைப்பு எந்தப் பணமும் செலவழிக்காமல் செய்யக்கூடிய பெரிய உதவி, கடன் உள்ள ஒவ்வொருவரையும் கிளைக்கு அழைத்துப் போய்ப் பாலிசி நகலைக் கேட்டு வாங்க வைப்பது. அப்போதே சரக்கின் மதிப்பு, முகவரி, தொழிலின் பெயர் சரியாக இருக்கின்றனவா என்றும் பார்த்துவிடலாம்.

இயற்கைப் பேரிடர் அறிவிக்கப்பட்ட பகுதிகளில் கடன் தவணைகளை மாற்றியமைக்க ரிசர்வ் வங்கியின் நெறிமுறைகள் வங்கிகளுக்கு இடம் தருகின்றன. மாவட்ட அளவில் வங்கியாளர் கூட்டம் கூடி முடிவெடுக்க வேண்டிய விஷயம் அது. விவசாயிகளுக்காகப் பேச அங்கே சங்கங்கள் உண்டு. பெட்டிக்கடைக்காரருக்காகப் பேச யாரும் போவதில்லை. தெருவாரியாக எழுதப்பட்ட உங்கள் பதிவேட்டோடு மாவட்டத்தின் வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளரைச் சந்தித்தால், மனு எழுதிக் கொடுப்பவரைப் போலன்றி விவரம் கொண்டு வருபவராக உங்களை நடத்துவார்.

இருளர்களின் நிலை இதிலெல்லாம் தனி. சாதிச் சான்றிதழ் இல்லாமல் மேலே சொன்னவற்றில் பழங்குடியினருக்கான எந்தச் சலுகைக் கதவும் திறக்காது, அந்தச் சான்றிதழுக்காகவே தலைமுறை தலைமுறையாக அலைந்தவர்கள் அவர்கள். கிள்ளைப் பகுதியில் இன்னும் சான்றிதழ் இல்லாத குடும்பங்கள் இருந்தால், தொழில் பயிற்சி, கடன் என்று பேசாமல் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு அவர்களோடு நடப்பதையே முதல் ஆண்டின் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

வட்டி வாங்குவதும் கொடுப்பதும் மார்க்கத்துக்கு விரோதம் என்று வங்கிக் கடனை மறுக்கும் இஸ்லாமிய வணிகர்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். அவர்களை வற்புறுத்துவதில் பொருளில்லை. தமிழகத்தின் பல இஸ்லாமிய ஊர்களில் பைத்துல்மால் என்ற பொதுநிதி அமைப்புகள் நகை ஈட்டின் பேரிலோ நபர் ஜாமீனிலோ வட்டியில்லாச் சிறு கடன் கொடுத்துவருகின்றன. புயலுக்கு மறுவாரம் கடையைத் திறக்கத் தேவைப்படும் பத்தாயிரம், இருபதாயிரம் ரூபாய்க்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு வங்கித் துறையில் எங்கும் இல்லை என்றே சொல்வேன். அந்த முறையை எல்லாத் தெருக்களுக்கும் பொதுவான ஒரு மீள்தொடக்க நிதியாக விரிக்க முடியுமா என்று ஜமாத்தாரிடமும் மீனவ ஊர்ப் பஞ்சாயத்தாரிடமும் சேர்ந்து பேசிப் பாருங்கள். 2004இல் ஆழிப்பேரலையில் சிக்கிய பக்கத்து மீனவக் கிராமங்களுக்கு முதல் நாட்களில் சோறும் தங்க இடமும் கொடுத்தது பரங்கிப்பேட்டை ஜமாத்; அந்த நினைவு அங்குள்ள பெரியவர்களிடம் இன்னும் இருக்கிறது. அந்தப் பேச்சைத் தொடங்க அதைவிட நல்ல இடம் உங்களுக்குக் கிடைக்காது.

இனி பசுமை வேலை. இந்தத் தலைப்பில் நிதி கொடுப்பவர்கள் அதிகம், பயிற்சி நிறுவனங்களும் அதிகம், பயிற்சி முடித்தவர்களுக்கு உள்ளூரில் வேலை மட்டும் குறைவு. மத்திய அரசு 2015இல் தொடங்கிய சூர்யமித்ரா, ஐடிஐ படித்தவர்களுக்குச் சூரிய மின் அமைப்பைப் பொருத்தவும் பழுதுபார்க்கவும் இலவசமாகச் சொல்லிக்கொடுக்கும் நல்ல திட்டம்தான். ஆனால் தமிழ்நாட்டில் வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். சிறிய வீடுகளில் மின் கட்டணமே பெரிய சுமையாக இல்லாதபோது, கூரையில் சூரியத் தகடு போட ஏழைக் குடும்பம் எதற்காக முன்வரும்? 2024இல் அறிவிக்கப்பட்ட பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைத்தாலும், பெரிய வீடும் பெரிய மின் கட்டணமும் உள்ளவர்களுக்குத்தான் அது லாபம். உங்கள் பகுதி இளைஞனுக்கான வாடிக்கையாளர் குடிசையில் இல்லை. வணிக இணைப்பின் கட்டணத்தை முழுதாகக் கட்டும் கடைகள், பள்ளிவாசல், தேவாலயம், திருமண மண்டபம், மருந்துக் கடை, ஐஸ் கட்டி வியாபாரம், மீன் பதப்படுத்தும் கூடம் ஆகியவைதான்.

இங்கேதான் இழப்புப் பதிவேடு மறுபடி உதவும். புயலுக்குப் பிறகு ஐந்து நாள் மின்சாரம் இல்லாததால் மருந்துக் கடையில் இன்சுலின் வீணானது, ஐஸ் இல்லாமல் மீன் விலை போகாமல் கிடந்தது, கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்ற ஜெனரேட்டர்காரரிடம் காசு கொடுத்தது என்றெல்லாம் அதில் எழுதியிருப்பீர்கள். அவற்றைத் தீர்க்கும் தொழில்நுட்பம் எது என்று பார்த்தால், மானியத்தில் பரவலாகப் பொருத்தப்படும் சாதாரணக் கூரை அமைப்பு அல்ல என்பது தெரியவரும். மின்வாரியக் கம்பியோடு இணைந்த அமைப்பு, கம்பியில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும்; பழுதுபார்க்கக் கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியருக்கு மின்சாரம் பாயாமல் இருக்க அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். ஆகவே புயல் நாட்களில் வெயில் அடித்தாலும் அந்தத் தகடுகள் சும்மா கிடக்கும். பேட்டரியும் கலப்பு இன்வெர்ட்டரும் கொண்ட அமைப்பாக இருந்தால், கம்பியிலிருந்து தன்னைத் துண்டித்துக்கொண்டு குளிர்பெட்டியையும் விளக்கையும் நடத்தும். கடற்கரையில் இன்னும் இரண்டு கவலைகள் உண்டு: உப்புக் காற்றில் துருப்பிடிக்கும் தாங்கிகள், புயல் காற்றில் பிய்த்துக்கொண்டு பறக்கும் தகடுகள். சென்னை போன்ற கடலோரப் பகுதிகளுக்குக் கட்டட வடிவமைப்புத் தரவிதி வகுத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். உள்நாட்டு மாவட்டத்தில் போடும் அதே தாங்கியைக் கடற்கரைக் கூரையில் போட்டுவிட்டுப் போகும் ஒப்பந்ததாரர்கள் இருக்கிறார்கள்.

இந்த மூன்று விஷயங்களையும், அதாவது பேட்டரி கலப்பு அமைப்பு, உப்புக் காற்றுப் பராமரிப்பு, புயலுக்கு முன் தகடுகளை இறுக்கவும் புயலுக்குப் பின் பாதுகாப்பாகச் சோதித்து இயக்கவும் தெரிந்த பத்துப் பேர் உங்கள் வட்டாரத்தில் உருவானால், அவர்களுக்கு ஆண்டு முழுவதும் வேலை இருக்கும். நாற்பது பேருக்குப் பயிற்சி கொடுக்காதீர்கள்; அந்த ஊர்ச் சந்தை நாற்பது பேரைத் தாங்காது. அவர்களில் இரண்டு, மூன்று பேர் கூட்டாக ஒரு கடை போட்டு, கடைகளோடும் வழிபாட்டு இடங்களோடும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் செய்துகொண்டால், நீங்கள் தேடும் சிறுபான்மைத் தொழில்முனைவோர் அவர்களே. மீனவ இளைஞர்களையும் சேர்க்க நினைத்தால் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக் காலத்தில் வகுப்பு வையுங்கள். மற்ற நாளில் வைத்துவிட்டு வருகை குறைவு என்று வருந்துவதில் நியாயமில்லை.

சூரிய ஒளிக்கு வெளியேயும் பசுமை வேலை இருக்கிறது. மணலில் பரப்பிக் காயவைத்த கருவாடு திடீர் மழையில் முழுதாகப் போவது உங்கள் கரையில் பெண்களுக்கு ஆண்டுதோறும் நேரும் சிறு பேரிடர். அதற்கு எந்த அறிவிப்பும் நிவாரணமும் கிடையாது. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் வெயில் இல்லாதபோது எரிவாயுவில் இயங்கும் கலப்புச் சூரிய உலர்த்திகளை வடிவமைத்திருக்கிறது. சுயஉதவிக் குழு ஒன்று அதை வாங்கினால் சரக்கு வீணாவதும் குறையும், மணல் ஒட்டாத கருவாட்டுக்கு விலையும் கூடும்.

பிச்சாவரம் அலையாத்திக் காட்டைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஒரு காலத்தில் விறகுக்காகப் பகுதி பகுதியாக மொத்தமாக வெட்டப்பட்ட இடங்களில் மண் தாழ்ந்து, கடல்நீர் உள்ளே வந்து தேங்கி, ஆவியாகி உப்பு கூடி, மறுபடி மரம் முளைக்காமல் போயிருந்தது. மீன் முள்ளின் வடிவில் ஒரு பெரிய வாய்க்காலும் பக்கவாட்டில் சாய்வாகச் சிறு வாய்க்கால்களும் வெட்டி, ஓதமும் வற்றமும் வந்துபோக வழி செய்து, அங்கே வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தை நட்ட முறையை வனத்துறையும் மா.சா. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் 1990களில் உருவாக்கின. உள்ளூர் மக்களின் உழைப்பும் அறிவும் அதில் இருந்தன. 2004இல் இந்தக் காடு பின்னால் இருந்த குடியிருப்புகளைக் காத்தது என்று பரங்கிப்பேட்டையிலேயே இயங்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தின் ஆய்வாளர்கள் எழுதினார்கள். கடலிலிருந்து இருந்த தூரமும் நிலத்தின் உயரமுமே பெரிய காரணங்கள் என்று வேறு சிலர் மறுத்தார்கள். அந்த விவாதத்தில் நீங்கள் கட்சி சேர வேண்டியதில்லை. காடு இருந்தால் இறாலும் நண்டும் பெருகும், அதைக் கையால் தடவிப் பிடித்து வாழும் இருளர்களுக்கு அது வருமானம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. வாய்க்கால்கள் சில ஆண்டுகளில் தூர்ந்துவிடுகின்றன. அவற்றைத் தூர்வாரும் பணியைப் பருவத்துக்கொரு தினக்கூலியாக விடாமல், இருளர் குழுவே பல ஆண்டு ஒப்பந்தமாக எடுக்கும்படி வனத்துறையிடம் கேட்டுப் பெற முடிந்தால் அதுதான் உண்மையான பசுமை வேலைவாய்ப்பு. கேரளத்தின் ஹரித கர்ம சேனை என்ற குப்பை சேகரிப்புப் படையில் குடும்பஸ்ரீ சுயஉதவிக் குழுப் பெண்கள் வீடுவீடாக மக்காத குப்பை வாங்குவது நிலைத்து நிற்பதற்குக் காரணமும் அதுவே. அங்கே பயிற்சியைவிட, ஒவ்வொரு வீடும் மாதந்தோறும் கட்டணம் கட்டியாக வேண்டும் என்ற ஏற்பாடுதான் வேலையைக் காப்பாற்றுகிறது.

பேரிடர்த் தயார்நிலையில் ஆட்களைப் பயிற்றுவிக்க நீங்கள் தனியாகப் பாடத்திட்டம் எழுத வேண்டாம். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் தன்னார்வலர்களுக்காக நடத்தும் ஆப்த மித்ரா திட்டத்தில் 12 நாள் பயிற்சி இருக்கிறது. உங்கள் மாவட்டத்தில் ஏற்கெனவே அதை முடித்தவர்கள் யார் என்று ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டு, உங்கள் தெருக்களில் இருப்பவர்களைத் தேடிப் பிடியுங்கள். நீங்கள் சேர்க்க வேண்டியது கடைகளுக்கான திட்டம். தீபாவளிச் சரக்கு கடைகளில் நிறைந்து கிடக்கும் நாட்களும் வடகிழக்குப் பருவமழை வலுக்கும் நாட்களும் ஒன்றாகவே வருகின்றன. துணிக் கடை, பட்டாசுக் கடை, இனிப்புக் கடைக்காரர்கள் ஆண்டின் மிகப் பெரிய கடனைத் தூக்கி நிற்கும் வாரத்தில்தான் வானம் கருக்கிறது. ரம்ஜான் வியாபாரத்தை நம்பியிருக்கும் கடைகளுக்கோ அந்தப் பண்டிகை ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய பதினோரு நாள் முன்னதாக வருவதால், இப்போதைக்கு அந்த ஆபத்து இல்லை. ஆகவே எல்லாக் கடைக்கும் ஒரே அட்டவணை போடாதீர்கள். எந்தக் கடையின் சரக்கை எச்சரிக்கை வந்தவுடன் எந்த மாடிக்கு யார் தூக்குவது, முதியவர்களும் தனித்து வாழும் பெண்களும் நடத்தும் கடைகளுக்கு எந்த இளைஞர்கள் பொறுப்பு, பள்ளிவாசல் மாடியிலும் மண்டபத்திலும் எவ்வளவு இடம் கிடைக்கும் என்பதைப் பெயர் போட்டு எழுதி வைத்தால் போதும். 2017இல் ஒக்கி புயல் வந்தபோது ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்த குமரி மாவட்ட மீனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை என்பதை மறக்காமல், கடலுக்குப் போயிருப்பவர்கள் யார், எப்போது திரும்புவார்கள் என்ற குறிப்பேட்டையும் மீனவ ஊர்களில் நடைமுறைப்படுத்துங்கள்.

நிதியைப் பொறுத்தவரை மூன்று கொடையாளர்களுக்கு மூன்று முகங்களைக் காட்ட வேண்டிய தேவையில்லை. கம்பெனிகள் சட்டம் 2013இன் ஏழாம் அட்டவணையில் வாழ்வாதார மேம்பாடு, சுற்றுச்சூழல் நிலைத்தன்மை, 2019இல் சேர்க்கப்பட்ட பேரிடர் மேலாண்மை ஆகிய மூன்றுமே நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு (சிஎஸ்ஆர்) நிதிக்குத் தகுதியான தலைப்புகள். ஒரே திட்ட வரைவில் மூன்றையும் எழுதலாம். உங்கள் அறக்கட்டளை 12ஏ, 80ஜி எனப்படும் வருமான வரிப் பதிவுகளோடு, அந்த நிதியைப் பெறத் தேவையான சிஎஸ்ஆர்-1 பதிவையும் முடித்திருக்க வேண்டும். பயிற்சி பெற்றவர் எண்ணிக்கையை மட்டுமே அளவுகோலாகக் கேட்கும் கொடையாளரிடம், புயலுக்குப் பிறகு எத்தனை நாளில் எத்தனை கடைகள் திறந்தன என்பதையும் அளவுகோலாக ஏற்பீர்களா என்று கேட்டுப் பாருங்கள். ஏற்க மறுத்தால் அந்தப் பணத்தை விட்டுவிடுவதே உங்கள் அளவுள்ள அமைப்புக்கு நல்லது. நாற்பது பேர் கணக்குக் காட்டுவதிலேயே உங்கள் நான்கு பேரின் ஆண்டும் போய்விடும்.

தொடங்குவதற்கு ஏற்ற மாதம் தை. மழை ஓய்ந்து இழப்பு நினைவில் பசுமையாக இருக்கும்போது பதிவேட்டை எழுதினால், மாசி, பங்குனியில் சான்றிதழ், சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு, பாலிசி நகல் வேலைகளை முடித்து, தடைக் காலத்தில் பயிற்சியை நடத்தி, ஆடி, ஆவணியில் கடன் விண்ணப்பங்களை வங்கியில் கொடுத்துவிடலாம். புரட்டாசிக்குள் வராத கடனை அந்தப் பருவத்தில் வாங்கித் தர அவசரப்படாதீர்கள். புதிய இயந்திரம் மழைக்கு ஒரு வாரம் முன்னால் வந்து இறங்குவதைவிட, மூன்று மாதம் தாமதமாகத் தை மாதத்தில் வருவதே கடன் வாங்குபவருக்குப் பாதுகாப்பு.